ட்ரெய்லர் இழுக்க பழைய ஹெவி டியூட்டி பிக்கப் வாங்கப் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகள், என் பதில்கள்

2020 லாக்டவுனுக்கு அப்புறம் அமெரிக்காவுல நம்ம ஆளுங்க நெறைய பேர் கேம்பிங் ட்ரெய்லர் வாங்க ஆரம்பிச்சாங்க. டெக்சாஸ்ல எங்க வட்டத்துல ஸ்ப்ரிங் பிரேக் நெருங்குச்சுன்னா போதும், "எந்த ட்ரக் வாங்கலாம்"னு போன் வந்துடும். ஒரே பதில எத்தனை தடவைதான் டைப் பண்றது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விகள் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. எல்லாமே அமெரிக்க ட்ரக், அமெரிக்க ரூல்ஸ் கணக்கு, எடை எல்லாம் பவுண்டுல.

அண்ணா, மொதல்ல ட்ரக் வாங்கணுமா, ட்ரெய்லர் வாங்கணுமா?

ட்ரெய்லர மொதல்ல முடிவு பண்ணுங்க. வாங்க வேணாம், எந்த சைஸ்னு முடிவு பண்ணா போதும். ட்ரக்க மொதல்ல வாங்கிட்டு அப்புறம் ட்ரெய்லர் ஷோவுக்குப் போனா, வீட்டுக்காரம்மாவுக்கும் பசங்களுக்கும் பங்க் பெட் வச்ச 34 அடி ட்ரெய்லர்தான் பிடிக்கும், இது உறுதி.

ப்ரோஷர்ல பெருசா போட்டிருக்குற "டிரை வெயிட்" உங்களுக்கு உதவாது. தண்ணி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணி எதுவுமே இல்லாத எடை அது. ட்ரெய்லர் பக்கவாட்டு ஸ்டிக்கர்ல ஜிவிடபிள்யூஆர்னு ஒண்ணு இருக்கும், சாமான் தண்ணி எல்லாம் சேர்த்து அந்த ட்ரெய்லர் போகக்கூடிய உச்ச எடை. அத வச்சுதான் கணக்கு போடணும். தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்டு, 50 கேலன் டேங்க் நிரப்பினா அதுவே 400 பவுண்டுக்கு மேல.

1500, 2500, 3500, எஃப்-250னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 எல்லாம் ஹாஃப் டன். எஃப்-250, 2500 எல்லாம் முக்கால் டன். எஃப்-350, 3500 ஒரு டன். இந்த டன் கணக்கு அந்தக் காலத்துல எவ்வளவு சுமக்கும்ங்கிறத வச்சு வந்தது, இப்ப பேரு மட்டும்தான் மிச்சம், ஒரு டன் ட்ரக்கு மூணு டன் கூட சுமக்கும். ஹெவி டியூட்டின்னா முக்கால் டன்லேர்ந்து மேல. ஃப்ரேம், ஆக்ஸில், பிரேக், ஸ்ப்ரிங் எல்லாமே வேற சைஸ், இன்ஜின் மட்டும் பெருசு இல்ல.

எஃப்-150 பத்தாதா? டீலர் 11,000 பவுண்டு இழுக்கும்னு சொன்னாரே?

இழுக்கும். சுமக்காது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா பாதி கேள்விக்குத் தேவையே இருக்காது.

ட்ரைவர் கதவத் திறந்தா தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு அதுல போட்டிருக்கும், அதுதான் பேலோட். ட்ரெய்லரோட மூக்கு ஹிட்ச் (ட்ரெய்லர மாட்டுற கொக்கி) மேல அழுத்துற எடை, அதாவது டங் வெயிட், இந்தக் கணக்குலதான் வரும். சாதாரண ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம். 10க்குக் கீழ போச்சுன்னா ட்ரெய்லர் பின்னாடி வால் ஆட்ட ஆரம்பிக்கும், அதனால குறைச்சு வச்சும் தப்பிக்க முடியாது.

நம்ம வீட்டுக் கணக்கு போட்டுப் பாருங்க. ட்ரெய்லர் ஜிவிடபிள்யூஆர் 7,600, அதுல 13 சதவீதம் சுமார் 990. எடைய மத்த ஆக்ஸிலுக்கும் பிரிச்சுக் குடுக்குற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் ஒரு 100. நீங்க, மனைவி, ரெண்டு பசங்க 450. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அவங்க 280. பின்னாடி பெட்ல (சாமான் வைக்கிற திறந்த தொட்டி) ஜெனரேட்டர், கூலர், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,970. நல்லா ஆப்ஷன் போட்ட ஹாஃப் டன் ட்ரக்குல ஸ்டிக்கர் 1,400லேர்ந்து 1,700தான் வரும். 11,000 இழுக்கும்னு சொன்ன ட்ரக்கு, 7,600 பவுண்டு ட்ரெய்லருக்கே லிமிட்ட தாண்டிடுச்சு.

அப்ப கம்பெனி போடுற டோ ரேட்டிங் பொய்யா?

பொய் இல்ல. எப்படி அளந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். எஸ்ஏஇ ஜே2807னு ஒரு டெஸ்ட் ஸ்டாண்டர்ட் இருக்கு. அரிசோனாவுல புல்ஹெட் சிட்டி பக்கத்துல டேவிஸ் டேம் ஏத்தம், சுமார் 11 மைல் விடாம மேட்டுல ஏறணும், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி ஃபுல்லா ஓடணும், அப்பவும் வேகம் 40 மைலுக்குக் கீழ வரக்கூடாது. பின்னாடி நாலு டயர் இருக்குற ட்ரக்குக்கு மட்டும் 35. கஷ்டமான டெஸ்ட்தான்.

ஆனா அந்தக் கணக்குல ட்ரக்குக்குள்ள ரெண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு, டங் வெயிட் 10 சதவீதம்தான். மாமனார், மாமியார், கூலர் எல்லாம் அவங்க கணக்குல இல்ல. இந்த ஸ்டாண்டர்ட பெரிய மூணு கம்பெனியும் (ஃபோர்டு, சில்வராடோ பண்ற ஜிஎம், ராம்) 2010கள் நடுவுலதான் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு முந்தின ட்ரக்கு நம்பரெல்லாம் அவங்கவங்க இஷ்டம். 2012 மாடல் நம்பரையும் 2018 மாடல் நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க.

நான் பாத்த எஃப்-350ல அந்த மஞ்சள் ஸ்டிக்கரே இல்ல, கிழிச்சுட்டாங்களா?

கிழிச்சிருக்க மாட்டாங்க. ட்ரக்கோட ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டுக்கு மேல போனா அந்த ஸ்டிக்கர் கட்டாயம் இல்ல. அதே கதவுத் தூண்ல இன்னொரு லேபிள் இருக்கும், அதுல ஜிவிடபிள்யூஆரும் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் லிமிட்டும் இருக்கும். ட்ரக்க எடை போட்டு அதுலேர்ந்து கழிச்சுக்க வேண்டியதுதான்.

எடை போடுறது பெரிய வேலை இல்ல. ஹைவே ட்ரக் ஸ்டாப் நெறைய இடத்துல கேட் ஸ்கேல் இருக்கு, இருபது டாலருக்குள்ள முடிஞ்சுடும், முன் ஆக்ஸில் பின் ஆக்ஸில் தனித்தனியா சீட்டு தருவாங்க. பழைய ட்ரக்குக்கு ஸ்டிக்கர் இருந்தாலும் நான் ஸ்கேலத்தான் நம்புவேன், ஏன்னா முந்தின ஓனர் போட்ட இரும்பு பம்பர், டூல் பாக்ஸ், பெட் கவர் எதுவும் ஸ்டிக்கருக்குத் தெரியாது.

டீசலா, கேஸா?

அதிகமா கேட்ட கேள்வி இதுதான், அதிகமா சண்டை வந்ததும் இதுலதான். வருஷத்துக்கு நாலஞ்சு தடவ, 9,000 பவுண்டுக்குள்ள, பக்கத்துல ஸ்டேட் பார்க் வரைக்கும் போறவங்களுக்கு கேஸ் இன்ஜின், அதாவது பெட்ரோல், போதும். விலை குறைவு, ஆயில் சேஞ்ச் குறைவு, ரிப்பேர் எந்த மெக்கானிக்கும் பண்ணுவாரு.

கொலராடோ, நியூ மெக்சிகோ பக்கம் மலை ஏறுறவங்க, 11,000 பவுண்டுக்கு மேல இழுக்குறவங்க, மாசக் கணக்குல ரோட்டுல இருக்குறவங்க டீசல் பாக்கணும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோ ஐ-70 ரோட்டுல ஐசன்ஹோவர் டனல் 11,000 அடிக்கு மேல இருக்கு, அங்க போறப்ப உங்க இன்ஜின்ல மூணுல ஒரு பங்கு காணாம போயிருக்கும். டீசலுக்கு டர்போ இருக்கு, அது சமாளிச்சுடும். ஏறுறத விட எறங்குறப்பதான் டீசல் அருமை தெரியும், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழிய அடைச்சு இன்ஜினாலயே வேகத்தக் குறைக்கிறது) போட்டா 7 சதவீத எறக்கத்துல கூட பிரேக் பெடல எப்பவாச்சும்தான் தொடுவீங்க.

செலவு பத்தி யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. ராம் ட்ரக்குல வர்ற கம்மின்ஸ் 6.7 லிட்டர் டீசலுக்கு 12 குவார்ட் ஆயில், ஃபோர்டு 6.7க்கு 13. ஃப்யூயல் ஃபில்டர் தனி, டெஃப்னு புகையச் சுத்தமாக்க ஊத்துற திரவம் தனி. தினமும் பசங்கள ஸ்கூல்ல விட ரெண்டு மைல், ஆபீசுக்கு அஞ்சு மைல்னு ஓட்டுறதுக்கு டீசல் வாங்குனா புகைக் கரியப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர்ல கரி அடைச்சுக்கும், அது எரிஞ்சு சுத்தமாகுற அளவுக்கு இன்ஜின் சூடே ஆகாது. அந்த மாதிரி ஓட்டுறவங்க பேசாம கேஸ் வாங்குங்க.

டீசல் 2500 வாங்கிட்டா எது வேணா இழுக்கலாம்தானே?

இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. டீசல் இன்ஜினே பல நூறு பவுண்டு கூடுதல். முக்கால் டன் ட்ரக்குங்க பெரும்பாலும் 10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர்லயே நிறுத்திடுவாங்க. டீசல், நாலு கதவு க்ரூ கேப், ஃபோர் வீல் டிரைவ், லெதர் சீட்டு, சன்ரூஃப்னு ஏத்த ஏத்த சுமக்குறதுக்கு மிச்சம் 2,000 பவுண்டு பக்கம்தான் நிக்கும், சில ட்ரக்குல அதுவும் இல்ல. அதே ட்ரக்கு கேஸ் இன்ஜினோட வந்தா பேலோட் 3,000 வரை கூட இருக்கும்.

ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்னா, அதாவது பெட்டுக்குள்ளயே மாட்டுறது, அது பெட் மேல அழுத்துற எடை, அதாவது கிங் பின் வெயிட், மொத்தத்துல சுமார் 20 சதவீதம். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு 2,400. டீசல் 2500 அங்கயே முடிஞ்சது, இன்னும் நீங்களே ஏறல. ஃபிஃப்த் வீல் ஆசை இருந்தா நேரா எஃப்-350, 3500 பாருங்க. பழைய ட்ரக்குல முக்கால் டன்னுக்கும் ஒரு டன்னுக்கும் விலை வித்தியாசம் பெருசா இருக்காது.

எந்த வருஷ டீசல் நல்லது? எத தொடவே கூடாது?

ஃபோர்டு: 2003லேர்ந்து 2007 வரைக்கும் 6.0 பவர்ஸ்ட்ரோக். ஆயில் கூலர் அடைக்கும், இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்ப அனுப்புற புகையக் குளிர வைக்கிறது) வெடிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும். இதெல்லாம் சரி பண்ண ரசீது இருந்தா ஒழிய வேணாம். 2008–2010ல வந்த 6.4 இன்னும் மோசம், பெரிய வேலைன்னா கேபினையே தூக்கிட்டுதான் பண்ணுவாங்க. இந்த ரெண்டும் நேவிஸ்டார் பண்ணிக் குடுத்தது. 2011லேர்ந்து 6.7, ஃபோர்டே சொந்தமா பண்ணது. 2011, 2012ல டர்போ கொஞ்சம் பலவீனம், 2015க்கு மேல பாத்தா நல்லது. 2017லேர்ந்து பாடி அலுமினியம்.

ஜிஎம்: 2001–2004 டியூராமேக்ஸ் எல்பி7, இன்ஜெக்டர் வால்வ் கவருக்கு உள்ள இருக்கு, போச்சுன்னா கூலியே கண்ணக் கட்டும். 2006–2007 எல்பிஇசட் எல்லாரும் தேடுறது, அதனாலயே மைலுக்குப் பொருந்தாத விலை சொல்வாங்க. 2011–2016 எல்எம்எல் இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, ஆனா சிபி4 பம்ப், கீழ சொல்றேன். 2017லேர்ந்து எல்5பி, டென்சோ பம்ப், பட்ஜெட் இடம் குடுத்தா பழைய டீசல்ல எனக்கு முதல் சாய்ஸ் இதுதான். 2019 வரைக்கும் ஆலிசன் ஆறு ஸ்பீடு கியர்பாக்ஸ், நம்பலாம்.

ராம்: 2003–2007 கம்மின்ஸ் 5.9 இன்ஜின் முரட்டு ஆளு, சுத்தி இருக்குற ட்ரக்குதான் உதிரும். 2007 நடுவுலேர்ந்து 6.7. இன்ஜின் தங்கம், அதோட வர்ற 68ஆர்எஃப்இ கியர்பாக்ஸ்தான் வீக். 2013லேர்ந்து 3500 ஹை அவுட்புட்ல ஐசின் கியர்பாக்ஸ் வந்துச்சு, கனமா இழுக்குறவங்க அத தேடுங்க. 6.7ல இன்டேக் கிரிட் ஹீட்டர் போல்ட் லூசாகி இன்ஜினுக்குள்ள விழுற கதையும் இருக்கு, மாத்தியாச்சான்னு கேளுங்க.

சிபி4 சிபி4னு பயமுறுத்துறாங்களே, அது என்ன?

டீசல அதிக அழுத்தத்துல இன்ஜெக்டருக்கு அனுப்புற பம்ப். சில சமயம் அது தன்னைத்தானே அரைச்சுக்கும், அந்த இரும்புத் தூள் டேங்க்லேர்ந்து இன்ஜெக்டர் வரைக்கும் எல்லா லைன்லயும் போயிடும். மொத்த ஃப்யூயல் சிஸ்டத்தையும் மாத்தணும், பில் பத்தாயிரம் டாலர தாண்டலாம். 2011க்கு மேல ஃபோர்டு 6.7, 2011–2016 டியூராமேக்ஸ், 2019–2020 ராம் இதுலெல்லாம் இது இருக்கு. ராம்ல அந்த ரெண்டு வருஷத்துக்கும் ரீகால் வந்துச்சு, 2021லேர்ந்து பழைய சிபி3க்கே திரும்பிட்டாங்க.

அதுக்காக ஃபோர்டு வாங்கவே கூடாதுன்னு இல்ல. லட்சக்கணக்குல ஓடுது. ஃப்யூயல் ஃபில்டர் நேரத்துக்கு மாத்துன ரசீது இருக்கான்னு பாருங்க, பம்ப் உடைஞ்சாலும் தூள் முன்னாடி போகாம தடுக்குற பைபாஸ் கிட் நானூறு டாலர் பக்கத்துல கிடைக்கும், போட்டுக்கலாம்.

கேஸ் இன்ஜின்ல எது?

ஃபோர்டு 6.2 (2011–2022), ஜிஎம் 6.0, ராம் 6.4 ஹெமி, புதுசுன்னா 2020லேர்ந்து ஃபோர்டு 7.3, ஜிஎம் 6.6. எல்லாமே ஓகே. ஹெமில காலைல ஸ்டார்ட் பண்றப்ப டிக் டிக்னு சத்தம் வந்து சூடான பிறகும் நிக்கலன்னா லிஃப்டர், கேம் பிரச்சனையா இருக்கும். சூடானதும் நின்னுட்டா பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் உடைஞ்சிருக்கும், அது ஜிஎம் 6.0லயும் சகஜம். 2004–2008 ஃபோர்டு 5.4 வேணாம், ஸ்பார்க் ப்ளக் கழட்டுறப்ப பாதியில உடைஞ்சு உள்ள மாட்டிக்கும்.

டெலிட் பண்ண ட்ரக்கு மூவாயிரம் டாலர் கம்மியா வருது, வாங்கலாமா?

வேணாம். டெலிட்னா டிபிஎஃப், இஜிஆர், டெஃப் எல்லாத்தையும் கழட்டிட்டு கம்ப்யூட்டர்ல ட்யூன் போட்டது. ஃபெடரல் க்ளீன் ஏர் ஆக்ட்படி அது சட்டவிரோதம். டெக்சாஸ்ல டீசலுக்கு எமிஷன் டெஸ்ட் இல்லைன்னு இங்க தைரியமா ஓட்டுறாங்க. நாளைக்கு உங்களுக்கு கலிஃபோர்னியாவுல வேலை கிடைச்சா? அங்க 1998க்கு மேல வந்த டீசலுக்கு ஸ்மாக் டெஸ்ட் உண்டு, பாஸ் ஆகாது, திரும்ப எல்லாத்தையும் மாட்டுறதுக்கு ஆயிரக்கணக்குல ஆகும். டீலர்ஷிப் சர்வீஸ் பல இடத்துல தொடவே மாட்டாங்க.

அடியில படுத்துப் பாருங்க, எக்ஸாஸ்ட் பைப் நடுவுல பெரிய டப்பா இல்லாம முன்னாடிலேர்ந்து பின்னாடி வரை நேரா ஒரே குழாயா போச்சுன்னா டெலிட். டெஃப் மூடி இருந்து டேங்க் இல்லன்னாலும் அதே கதைதான். இன்னொண்ணு, 2013லேர்ந்து 2019 வரை வந்த ராம் கம்மின்ஸ்ல கம்பெனியே எமிஷன் சாஃப்ட்வேர்ல தில்லுமுல்லு பண்ணதா வழக்கு ஆகி, கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிச்சு. ஆறு லட்சம் ட்ரக்குக்கு மேல ரீகால். அந்த வருஷ ட்ரக் பாக்குறீங்கன்னா ரீகால் முடிச்சாச்சான்னு வின் நம்பர (ட்ரக்கோட அடையாள எண்) குடுத்து டீலர்கிட்ட கேட்டுப் பாத்துடுங்க.

எத்தனை மைல் ஓடுனது வரைக்கும் வாங்கலாம்?

கேஸ்னா 1,00,000 பக்கம், டீசல்னா 1,50,000 வரைக்கும் நான் யோசிக்காம பாப்பேன், ரசீது இருந்தா அதுக்கு மேலயும். ஆனா மைல் மட்டும் பாக்காதீங்க, டேஷ்போர்டு மெனுவுல இன்ஜின் அவர்ஸ் இருக்கும், அதையும் பாருங்க. மைல அவர்ஸால வகுங்க. 1,20,000 மைல், 3,500 மணி நேரம்னா சராசரி 34, ஹைவேல ஓடுன ட்ரக்கு. அதே 1,20,000க்கு 7,500 மணி நேரம்னா சராசரி 16, பாதி நாள் ஏசி போட்டுக்கிட்டு நின்ன இடத்துலயே ஓடியிருக்கு. மிட்லேண்ட், ஒடெசா பக்கம் எண்ணெய் வயல் ட்ரக்கெல்லாம் இப்படித்தான் வரும், பாலிஷ் போட்டு பளபளன்னு நிக்கும், அவர்ஸ் பாத்தாதான் வண்டவாளம் தெரியும். ஐடில்ல ரொம்ப நின்ன டீசல்னா மேல சொன்ன டிபிஎஃப் கரி கதை வேற.

ஆக்ஸில் ரேஷியோ 3.73, 4.10னு கேக்குறாங்க, அது முக்கியமா?

சக்கரம் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறதுதான் இந்த நம்பர். கேஸ் இன்ஜின்னா ரொம்ப முக்கியம். நம்பர் பெருசா இருந்தா இழுவை ஜாஸ்தி, ஹைவேல ஆர்பிஎம்மும் பெட்ரோல் செலவும் கொஞ்சம் ஜாஸ்தி. ஃபோர்டு 6.2ல 3.73க்கும் 4.30க்கும் இழுக்குற லிமிட்டே ஆயிரக்கணக்கான பவுண்டு மாறும், வெளிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே ட்ரக்கு. ஃபோர்டுல கதவு லேபிள்ல ஆக்ஸில் கோடு இருக்கும், பழைய ஜிஎம்ல க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கர்ல ஜிடி4னா 3.73, ஜிடி5னா 4.10. டீசலுக்கு இவ்வளவு மெனக்கெட வேணாம், டார்க் இருக்கு.

நேர்ல பாக்கப் போறேன், என்னென்ன பாக்கணும்?

கெளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் மொதல்ல பானட்டத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா அவரு எதையோ மறைக்கிறாரு, காலைல ஸ்டார்ட் ஆகுறதுல ஏதோ இருக்கு. குளிர் இன்ஜின ஸ்டார்ட் பண்ணி புகையப் பாருங்க. வெள்ளைப் புகை நிக்காம வந்து இனிப்பா வாசம் அடிச்சா கூலன்ட் எரியுது, நீலம்னா ஆயில். இன்ஜின் ஓடுறப்பவே ஆயில் மூடியக் கழட்டி அதே ஓட்டை மேல தலைகீழா வைங்க. மெல்லிசா ஆவி வந்தா பரவால்ல, மூடி எகிறிக் குதிச்சா பிஸ்டன் ரிங் போயிட்டிருக்கு.

இழுத்த ட்ரக்கா இல்லையான்னு பின்னாடி பாத்தாலே தெரியும். ஹிட்ச் ஓட்டைக்குள்ள விரல விட்டுப் பாருங்க, பெயின்ட் தேஞ்சு வழவழன்னு இருக்கா, பெட் நடுவுல கூஸ்நெக் பால் (கனமான ட்ரெய்லர மாட்டுற இரும்புக் குண்டு) இருக்கா, ஃபிஃப்த் வீல் ரயில் கழட்டுன போல்ட் ஓட்டை இருக்கா. விக்கிறவர் "எப்பவாச்சும் சின்ன படகு இழுத்தேன்"னு சொல்றாரு, பெட்ல எட்டு ஓட்டை இருக்குன்னா கதை ஒத்துவரல. இழுத்தது தப்பில்ல, அதுக்குத்தான் ட்ரக்கு, மறைக்கிறதுதான் தப்பு. ட்ரெய்லர் வயர் மாட்டுற ஏழு பின் ப்ளக் பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, ட்ரெய்லர் பிரேக்க இயக்குற கன்ட்ரோலர் டேஷ்லயே இருக்கான்னு பாருங்க, இல்லன்னா தனியா போடணும்.

டயர்ல டிஓடி நம்பரோட கடைசி நாலு இலக்கம், 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம். த்ரெட் நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டுன டயர்ல ட்ரெய்லர் இழுக்காதீங்க. எல்டி டயர் (ட்ரக்குக்குன்னே பண்ணது), லோட் ரேஞ்ச் ஈ (சுமை தாங்குற அளவு) இருக்கணும். முந்தின ஓனர் விலை குறைவா பாசஞ்சர் டயர் மாட்டியிருந்தா விலையில ஒரு ஆயிரம் டாலர் கழிங்க. 

அப்புறம் ஹைவேல 65, 70 மைல் வரை ஓட்டுங்க, ரோட்டுல இருக்குற ஜாயின்ட் மேல ஏறுறப்ப ஸ்டீயரிங் பிடிச்சு உலுக்குச்சுன்னா டெத் வாபிள், முன்னாடி சாலிட் ஆக்ஸில் இருக்குற ஃபோர்டு, ராம் ரெண்டுலயும் வரும், ட்ராக் பார், பால் ஜாயின்ட் எல்லாம் பாக்கணும். இன்ஜின் கம்ப்யூட்டரப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் இருபது முப்பது டாலருக்கு கிடைக்குது, போட்டு ரெடினஸ் மானிட்டர் பாருங்க. எல்லாமே "நாட் ரெடி"ன்னா நேத்துதான் கோளாறு கோடுகள அழிச்சிருக்காங்க.

துரு எவ்வளவு இருந்தா பரவால்ல?

மேல மேல மண் நிறத்துல பூத்திருந்தா பரவால்ல. சுத்தியலால தட்டினா பட்டை பட்டையா உரிஞ்சா திரும்பி வந்துடுங்க. ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா ட்ரக்கெல்லாம் பனிக்கு ரோட்டுல உப்பு போடுறதால ஃப்ரேமும் பிரேக் லைனும் போயிருக்கும். அங்க இருக்குற நம்மாளுங்க டெக்சாஸ், அரிசோனா வந்து வாங்கிட்டுப் போறது நியாயமாத்தான் இருக்கு.

ஆனா இங்க வேற தொல்லை, வெள்ளம். 2017 ஹார்வி, 2022 இயன், 2024 ஹெலீன்னு ஒவ்வொரு புயலுக்கும் அப்புறம் முங்குன ட்ரக்குங்க வேற ஸ்டேட்டுக்குப் போய் பேப்பர் மாறி வரும். சீட் பெல்ட்ட முழுசா இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கோடு இருக்கும். என்ஐசிபி (இன்சூரன்ஸ் கம்பெனிகளோட அமைப்பு) சைட்ல வின் நம்பர் போட்டா இலவசமாவே பாக்கலாம்.

லிஃப்ட் கிட் போட்ட ட்ரக் சூப்பரா இருக்கே?

பாக்க சூப்பர்தான். 37 இன்ச் டயர் போட்டா கியர் ரேஷியோ குறைஞ்ச மாதிரி ஆயிடும், பிரேக் தூரம் கூடும், ஃபிஃப்த் வீல் மூக்கு வானத்தப் பாக்கும். ட்ரெய்லர் இழுக்குறதுக்கு வேணாம்.

டியூலி வேணுமா? பார்க்கிங்ல கஷ்டம்னு வீட்டுல திட்றாங்க.

வீட்டுல சொல்றது சரி, காஸ்ட்கோ பார்க்கிங்ல நிஜமாவே கஷ்டம். டியூலின்னா பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு டயர். கிங் பின் வெயிட் 3,000 பவுண்டுக்கு மேல போற ஃபிஃப்த் வீல், இல்ல பைக்கெல்லாம் உள்ள ஏத்திக்கிட்டுப் போற 40 அடி டாய் ஹாலர்னா டியூலிதான் சரி, காத்து அடிச்சா அசையாது, ஒரு டயர் வெடிச்சாலும் இன்னொண்ணு தாங்கும். அதுக்குக் கீழ சிங்கிள் வீல் 3500 போதும்.

ஏர் பேக் போட்டா பேலோட் ஏறும்னு கடைக்காரர் சொன்னாரே?

ஏறாது. பின்னாடி தொங்குறது நிமிரும், அவ்வளவுதான். ஆக்ஸில், வீல், டயர், பிரேக் எல்லாம் பழசேதானே. லேபிள்ல இருக்குற நம்பர எந்தக் கடைக்காரரும் மாத்த முடியாது, ட்ரக்கு மட்டமா நிக்குதுங்கிறதுக்காக எடை குறைஞ்சுடாது.

டீலர்கிட்ட வாங்கலாமா, தனி ஆள்கிட்டயா?

ரசீது வச்சிருக்குற தனி ஆளு கிடைச்சா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. டெக்சாஸ்ல தனி ஆள்கிட்ட வாங்குனாலும் 6.25 சதவீதம் டாக்ஸ் உண்டு, "பேப்பர்ல கம்மியா போட்டுக்கலாம்"னு சொன்னா கேக்காதீங்க, ஸ்டேட் வச்சிருக்குற மதிப்புல 80 சதவீதத்துக்கு கம்மியா காட்டினாலும் அந்த 80க்குத்தான் டாக்ஸ் போடுவாங்க. டைட்டில்ல (ஓனர் பத்திரம்) லீன், அதாவது அடைக்காத கடன், இருக்கான்னு பாத்துட்டு பணம் குடுங்க. ரெண்டு இடத்துலயும் ஒரு டீசல் மெக்கானிக்க வச்சு செக் பண்றத மட்டும் விடாதீங்க, இருநூறு டாலர் ஆனாலும் சரி.

இதுக்கெல்லாம் தனி லைசென்ஸ் வேணுமா?

பெரும்பாலானவங்களுக்கு வேணாம். டெக்சாஸ்ல ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து ரேட்டிங் 26,001 பவுண்டு ஆகி, ட்ரெய்லர் மட்டும் 10,000க்கு மேலன்னா கிளாஸ் ஏ, சொந்த உபயோகத்துக்குன்னா கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ. டியூலியும் பெரிய ஃபிஃப்த் வீலும் சேர்ந்தா சுலபமா அங்க போயிடும். கலிஃபோர்னியாவுல 10,000 பவுண்டுக்கு மேல ட்ராவல் ட்ரெய்லர்னாலே கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ கேப்பாங்க. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற, உங்க ஸ்டேட்ல லைசென்ஸ் குடுக்குற ஆபீஸ் சைட்ல பாத்துக்குங்க.

எல்லாம் சரியா வாங்கிட்டேன், ஸ்கேல்ல போட்டா மொத்த எடை லிமிட்டுக்குள்ள, ஆனா பின் ஆக்ஸில் மட்டும் 200 பவுண்டு ஜாஸ்தி. ஓட்டலாமா?

அப்படியே ஓட்டாதீங்க. மொத்தம் சரியா இருந்தாலும் ஆக்ஸில் லிமிட் தனி, பின் டயர் ரெண்டும் தாங்குறதும் தனி. டயர் பக்கவாட்டுல ஒரு டயருக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும், அத ரெண்டால பெருக்கி ஸ்கேல் சீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

சாதா ட்ரெய்லர்னா மொதல்ல வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பார டைட் பண்ணி திரும்ப எடை போடுங்க, கொஞ்சம் எடை முன் ஆக்ஸிலுக்கும் ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கும் போகும். ஃபிஃப்த் வீலுக்கு அந்த வழி இல்ல. பெட்ல பின்கதவு பக்கம் வச்ச ஜெனரேட்டர், டூல் பாக்ஸ எடுத்து ட்ரெய்லருக்குள்ள அதோட ஆக்ஸிலுக்கு நேர் மேல வைங்க. தண்ணி டேங்க் ட்ரெய்லர் முன்பக்கம் இருந்தா காலியா கெளம்பி கேம்ப் கிரவுண்ட்ல போய் நிரப்புங்க, டேங்க் பின்பக்கம் இருந்தா காலி பண்ணாதீங்க, பண்ணா டங் வெயிட் இன்னும் ஏறும். இதெல்லாம் பண்ணதும் டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழ போயிடாம இன்னொரு தடவ பாத்துக்குங்க, ரெண்டாவது தடவ எடை போட கேட் ஸ்கேல்ல சில டாலர்தான் வாங்குவாங்க.